அம்மா திருப்பி அனுப்பிய சாம்பார்

பிரான்சில் மகள் குடியிருக்கும் சின்ன ஊரில், வெள்ளைத் துணி விரித்த உணவக மேசை முன் உட்கார்ந்திருந்தேன். வெண்ணெய் உருகும் வாசம் வந்ததும் சேலத்து நெய் ரோஸ்ட் நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாக இருக்கும். எங்கள் ஊர் மோகனூரில் கரும்பு வெட்டு முடிந்ததும் அப்பா எங்களைச் சேலத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். அம்மா ஓட்டலில் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. தலைப்பாகை கட்டிய சர்வரைப் பார்த்ததும் அப்பாவின் குரலே தணிந்துவிட்டது.

அம்மா ரோஸ்ட்டைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டு வாயில் வைத்தாள்.

"ஏனுங்க, இது ஊசிப்போச்சுங்க."

"சும்மாரு புள்ள. பெரிய எடம்," என்றார் அப்பா.

அம்மா சர்வரையே கூப்பிட்டாள். "நீங்களே ருசி பாருங்க சாமி. கொழந்தைக திங்கற எடமுங்க."

சர்வர் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோனார். மேனேஜர் ஓடிவந்து, "தப்புதாங்கம்மா" என்று கைகூப்பினார். எல்லா மேசையிலும் சாம்பார்க் கிண்ணங்களை எடுத்துவிட்டார்கள்.

பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார். அப்பா நிமிர்ந்து, சத்தமாகவே சொன்னார்: "எங்கூட்டுக்காரி சொல்லித்தானுங்க எடுக்கறாங்க!"

இங்கே, பிரான்சில், பரிமாறுபவர் எங்கள் மேசைக்கு வந்தார். எதிரே இருந்த மகள் எனக்காகப் பிரெஞ்சில் பேச வாயெடுத்தாள்.

"இரு கண்ணு, எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கறேன்," என்றேன்.