பெல் மாணிக்கம் அண்ணா என் கிளீனராக வந்த நாள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் லாரியை வரிசையில் போட்டுவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. மாணிக்கம் அண்ணாவின் மகள் கலா. "அண்ணா, அப்பா பூட்டாருண்ணா. காலைல காப்பி குடுத்தேன், குடிச்சாரு. டம்ளர வாங்கப் போனா ஆளு இல்ல" என்றாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொட்டலத்தை மறுபடி கட்டி வைத்தேன். முன்னால் இருந்த லாரி நகர்ந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்துத்தான் தெரிந்தது.

சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் 'பெல் மாணிக்கம்' என்றால்தான் அவரைத் தெரியும். இருபத்தொரு வருடம் அங்கே தங்கச் சுரங்கத்தில் பெல்மேனாக இருந்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றிவிட்டு, அதை இயக்குகிறவருக்கு மணியடித்துச் சொல்வது அவர் வேலை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலோ அவருக்கு இன்னொரு பெயர், 'செவுத்த இடிச்ச மாணிக்கம்'. அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிச் சிரிக்காத கடைக்காரர் அங்கே கிடையாது. அவரே வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தக் கதையில் நானும் இருக்கிறேன் என்பதால், அவரைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அதை நானே ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

சுரங்கத்தை மூடிய வருடம் அது. ஊரே வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் ஹெவி லைசென்ஸ் வாங்கினேன். என் அப்பா இயந்திரத் தொழிற்சாலையில் வெல்டர். அந்த வேலைக்காகவே திருச்சியிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. சுரங்கத்துக்குள் எங்கள் வீட்டில் யாரும் இறங்கியதில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்து லாரிப் பைத்தியம். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரிகத்திலிருந்து ஆண்டர்சன்பேட்டை வரை சைக்கிள் மிதித்தேன். எதிரே வந்த ஒவ்வொரு லாரி டிரைவருக்கும், நாமெல்லாம் ஒரே ஜாதி என்கிற மாதிரி கை காட்டினேன். ஒருத்தர்கூடத் திருப்பிக் காட்டவில்லை.

அடுத்த மூன்று மாதம் நான் ஏறி இறங்காத லாரி ஆபீஸ் இல்லை. "எத்தினி வருசம் ஓட்டிகீறே?" என்பார்கள். இப்போதுதான் லைசென்ஸ் வந்தது என்பேன். "ஓட்டிட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். "வேல குடுத்தாத்தான சார் ஓட்ட முடியும்?" என்று ஒருவரிடம் கேட்டதற்கு, "ஓட்டினாத்தானபா வேல குடுக்க முடியும்?" என்று அவர் அன்பாகவே திருப்பிக் கேட்டார். பங்காரப்பேட்டையில் இதையே கன்னடத்தில் சொன்னார்கள், வி.கோட்டாவில் தெலுங்கில் சொன்னார்கள். மூன்று மொழியிலும் எனக்கு வேலை இல்லை. அப்பா கெடு வைத்துவிட்டார். ஆடி முடிவதற்குள் ஸ்டியரிங் கிடைக்காவிட்டால் லைசென்ஸைப் பெட்டியில் வைத்துவிட்டு அவருக்குத் தெரிந்த கான்டிராக்டரிடம் வெல்டிங்குக்குப் போக வேண்டும். ஆடியில் இன்னும் நான்கு நாள்தான் பாக்கி இருந்தது.

அந்த நான்கில் ஒரு நாள் காலை, மார்க்கெட்டில் அரிசி மண்டி வைத்திருந்த தணிகாசலம் முதலியாரின் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்குப் போய்விட்டார் என்று காதில் விழுந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். தெருவில் நூறு மூட்டை அரிசியோடு லாரி நின்றது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டு தலையில் கை வைத்திருந்தார். என் லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"மசி கூட காயலியேபா. சரி, இத பின்னாலயே சந்துல எடுத்து குடோன் வாசல்ல நிறுத்து. நிறுத்திட்டீன்னா பேசலாம். உன் கிளீனர் யாரு?"

டிரைவரும் கிளீனரும் ஜோடியாகத்தான் வருவார்கள், அதுதான் லாரி வழக்கம். கிளீனர் இல்லாமல் டிரைவர் வேலை கேட்பது மாப்பிள்ளை இல்லாமல் மண்டபம் பிடிக்கிற கதை. எனக்கு ஒரு கிளீனரையும் தெரியாது. "கீறாரு மொதலாளி, டீ குடிக்கிறாரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எதிர்த்த டீக்கடையில் உண்மையாகவே ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்து நான்கு வயது, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அதற்கு முன் அவரை நான் பார்த்ததே இல்லை.

"அண்ணா, ஒரு அரை மணி நேரம் எனக்கு கிளீனரா வரீங்களா?"

"இன்னா பண்ணணும்?"

"பின்னாடி நின்னு பாத்து எனக்குச் சொல்லணும். அவ்வளோதான்."

"அதான் இருவத்தோரு வருசமா பண்ணேன்" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். எதற்கு, ஏன், என்ன தருவாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

மார்க்கெட்டுக்குப் போனவர்கள் அந்தக் குடோன் சந்தைப் பார்த்திருப்பீர்கள். லாரி நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிஞ்சும். குடோன் வாசலைத் தாண்டினால் ஒரு செங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மண்டியின் கக்கூஸ். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி உறுமியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நூறு மூட்டை அரிசி முதுகுக்குப் பின்னால் இருக்க, தெருவே நின்று பார்க்க, ரிவர்ஸ் கியர் விழுந்தது. இதற்குத்தான்டா பிறந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் சந்தின் பாதித் தூரத்தை எப்படிக் கடந்தேன் என்பதே நினைவில்லை.

பின்னால் லாரியின் உடம்பில் ஒரு தட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று. லாரி கிளீனர்கள் என்ன செய்வார்கள் என்றால், வரலாம் என்கிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருப்பார்கள், நிற்க வேண்டுமென்றால் ஊர் கூடும்படி அலறுவார்கள். சரி, தட்ட ஆரம்பித்துவிட்டார், இன்னும் இடம் இருக்கிறது என்று நான் வந்துகொண்டே இருந்தேன். அடுத்த சத்தம் சுவர் சரிந்த சத்தம். அதற்கடுத்து, கையில் சொம்போடு மண்டி குமாஸ்தா கக்கூஸிலிருந்து ஓடிவந்தார். அவருக்கு ஒரு கீறல் இல்லை, மானம்தான் கொஞ்சம் போனது.

முதலாளி வந்தார். என்னை ஒன்றும் சொல்லாமல் நேராக மாணிக்கம் அண்ணாவிடம் போனார்.

"யோவ், செவுரு வருது, மரம் மாதிரி நிக்கிறியே. ஏன்யா கத்தல?"

"அடிச்சேனே மொதலாளி. ஒண்ணு அடிச்சா ஸ்டாப்பு. ரெண்டு அடிச்சா எறக்கணும், மூணு அடிச்சா ஆளுங்க ஏறுறாங்க. எங்க சொரங்க ஷாஃப்டுல ஒண்ணு அடிச்சு நிக்காத கேஜு கெடையாது. திருப்பி அடிச்சா ரெண்டாயிடும், அதான் சும்மா நின்னேன்."

"அத இந்தப் பிள்ளையாண்டானுக்குச் சொன்னியா?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல மொதலாளி. மறந்துட்டேன். தப்பு என்னுது" என்றார்.

முதலாளி கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இப்போ சொல்லியாச்சுல்ல. வண்டிய வெளிய எடு. மறுபடி வா" என்றார். இரண்டாவது முறை ஒற்றைத் தட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். விழுந்தது, நின்றேன். குடோன் வாசலுக்கு நேராக, நூல் பிடித்தாற்போல் நின்றிருந்தது வண்டி. "நாளைக்குக் காலைல ஆரணி லோடு. ரெண்டு பேரும் வந்துருங்க. ஞாயித்துக்கெழம செவுத்த நீங்களே கட்டிக் குடுங்க" என்றார் முதலாளி. வீட்டுக்கு சைக்கிளில் போனேனா பறந்தேனா தெரியாது. அப்பா கேட்டுவிட்டு, "இடிச்சதுக்கா வேல குடுத்தான்?" என்றார், ஆனால் அன்று என்னைவிட இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டவர் அவர்தான்.

மறுநாள் பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறங்கும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே வந்தேன். மாணிக்கம் அண்ணா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பாறையை, புளியமரத்தை, குரங்கை எல்லாம் புதுப்பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வெளிச்சத்துல ஒரு ஷிப்டு பாத்ததே இல்லபா" என்றார். என் வேகம் கூடியபோது மட்டும், "ஏறும்போது எவனும் தப்பு பண்ண மாட்டான். எறங்கும்போதுதான் கணக்கு" என்று சாலையைப் பார்த்தபடியே சொன்னார். அப்படி ஆரம்பித்துப் பதினோரு வருடம் என்னோடு வந்தார். நீங்களும் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் அண்ணா என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "எல்லாரும் முன்னாடி பாத்தா பின்னாடி யாருபா பாக்கிறது?" என்பார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தார்.

இதுவரை நான் எழுதியது மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இனி எழுதுவது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன்.

மாணிக்கம் அண்ணா எதையும் மறக்கவில்லை. டீக்கடையிலிருந்து லாரி வரை நடந்த அந்தப் பத்தடியில், என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, கேட்டுக்கோ. நான் கத்த மாட்டேன். ஒண்ணு தட்னா நின்னுடு" என்று தெளிவாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என் கண் முழுக்க லாரி மேலேயே இருந்தது. முதலாளி கேட்டபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் வேலை போய்விடும், நான்கு நாளில் வெல்டிங் என்று பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல வருடம் கழித்து ஒரு பயணத்தில் இதைக் கேட்டே விட்டேன். "கிளீனர் தப்பு பண்ணா திட்டுவான், டிரைவர் தப்பு பண்ணா அனுப்பிடுவான். எது சுளுவோ அத சொன்னேன். வுடுபா, ரோட்ட பாரு" என்றார். அதன் பிறகும் மார்க்கெட்டில் யார் கேட்டாலும், தான் சுவரை இடித்த கதையை அவர் அதே சிரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று நானும் சிரித்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய் மதியம் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. தணிகாசலம் முதலியார் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். எண்பது தாண்டிவிட்டது. உட்கார்ந்தவுடன் அவர் எடுத்தது அந்தக் கதையைத்தான். சொம்போடு ஓடிவந்த குமாஸ்தா வரைக்கும் வந்துவிட்டார், சாவு வீடு என்றும் பாராமல் நாலைந்து பேர் சிரித்தார்கள். "சொல்ல மறந்துட்டானாம், எங்க மாணிக்கம்" என்றார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மொதலாளி, அவர் மறக்கல. எங்கிட்ட சொன்னாரு. நான்தான் வண்டிய பாத்த சந்தோசத்துல வுட்டுட்டேன். அன்னிக்கு பயந்து வாய மூடிக்கினேன்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கலாவும் பார்த்தாள்.

முதலியார் மட்டும் அசரவில்லை. "தெரியும்பா" என்றார். "இருவத்தோரு வருசம் பெல்லு அடிச்சவன் சொல்லாம ஏறுவானா? உன் மூஞ்சில எழுதியிருந்துதே. நீ அவன டீக்கடைல புடிச்சதயும் பாத்துக்கினுதான இருந்தேன். ஒனக்கு ஓட்ட வரலேன்னு மொத தடவையே தெரிஞ்சிபோச்சு, அனுப்பிடலாம்னுதான் வந்தேன். ஆனா பேரு கூடத் தெரியாத ஒருத்தனுக்காக இந்த மனுசன் அவன் தப்ப தூக்கித் தன் தலமேல வெச்சிக்கினான் பாரு. இப்பிடி ஒரு ஆளு நம்ம வண்டில இருக்கணும்னு நெனச்சேன். நான் வேலைக்கு வெச்சது மாணிக்கத்தை. டிரைவர் இல்லாம கிளீனரை மட்டும் எப்பிடி வெக்கிறது, அதான் உன்னையும் சேத்தேன்."

இன்று என் பெயரில் இரண்டு லாரி ஓடுகிறது. என் முதல் வேலையை நானே ஓட்டிக் காட்டி வாங்கினேன் என்று இத்தனை வருடம் என் பிள்ளைகளிடம் பெருமை அடித்திருக்கிறேன். மாணிக்கம் அண்ணாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது எது என்று கேட்டால், அந்த வேலைதான்.