அம்புஜவல்லி தட்டிப் பார்த்த வீடு

ஒரு சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப் பாலக்கரையில் என் செருப்பு அறுந்துபோனது. தார் ரோடு கொதித்தது. கூட வந்த அம்புஜவல்லி தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். "போட்டுக்க. இன்னிக்கிச் செருப்பு போடறதில்லன்னு கொளஞ்சியப்பருக்கு வேண்டுதல். மறந்தே போயிட்டன்" என்றாள். சாமி காரியமாயிற்றே என்று நானும் போட்டுக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலே இல்லை என்று பல மாதம் கழித்து அவள் மகள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பொய்யை எங்கள் ஊர் முருகனான கொளஞ்சியப்பர் மன்னித்திருப்பார்.

நாங்கள் இருவரும் பீங்கான் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். சூளையிலிருந்து ஆறி வரும் பீங்கானை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லது மணிபோல ஒலிக்கும். விரிசல் கண்டது பொத்தென்று கேட்கும். அதைச் "செத்தது" என்று சொல்லி ஒதுக்கிவிடுவோம்.

போன வருஷம் அவள் மகள் இனியாவுக்குச் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இனியாவின் அப்பா கொளஞ்சிநாதன் பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். மனசில்லாமல்தான் சரி என்றார். "ஞாயித்துக்கெழமக்குள்ள ஒழுங்கான வூடு கெடைக்கணும். இல்லன்னா பொண்ணக் கூட்டிக்கிட்டு வந்துடு. வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்று சொல்லி அனுப்பினார்.

துணைக்கு நான் போனேன். இரண்டு நாள் அலைந்தோம். கல்யாணமாகாத பெண் என்றதும் கதவைச் சாத்தினார்கள். ஞாயிறு மத்தியானம் அடையாறில் கடைசியாக ஒரு வீடு பார்த்தோம். தெருவின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கூரை போட்டிருந்தன. வீடு இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கிளை கைக்கு எட்டியது. இனியா அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

வீட்டுக்கார அம்மா சிவகாமசுந்தரி ரிட்டயரான டீச்சர். "தனியா ஒரு பொண்ணுன்னா யோசிக்கணும்மா" என்று இழுத்தார்கள். அதற்குள் அம்புஜவல்லி படுக்கையறைக்குள் போய்விட்டாள். பழக்கம் விடுமா? குனிந்து டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தவள் குரல் கொடுத்தாள்.

"இந்த ரூமுல ஒண்ணு செத்துருக்குதுங்களே!"

டீச்சரம்மாவின் முகம் வெளுத்தது. "யார் சொன்னது? புரோக்கரா? அவர் ஆஸ்பத்திரியிலதாம்மா போனார். இங்க இல்ல!"

"யாருங்க போனாரு? நான் டைல்ஸச் சொன்னங்க. அடியில பிடிப்பு வுட்டுப்போச்சு. பொத்துப்பொத்துன்னு கேக்குது."

இனியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யம்மா, இது உன் கம்பெனி இல்ல. எழுந்திரு."

டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்பு குடியிருந்தவர் காலமாகி எட்டு மாதமாம். ராசியில்லாத வீடு என்று யாரோ கிளப்பிவிட, வந்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டுத் திரும்பிவிட்டார்களாம்.

நான் அம்புஜவல்லியின் முந்தானையை இழுத்தேன். "வாணாம்டி. வயசுப்பொண்ணு."

அவள் எல்லார் காதிலும் விழும்படியே பதில் சொன்னாள். "ஆயுசு முடிஞ்சவரு போயிட்டாரு. அதுக்கு வூடு என்னா பண்ணும்? பயமா இருந்தா சாம்பிராணி போட்டுப் பதிகம் பாடு. அதுக்குத்தான உன்ன இட்டாந்தன்."

டீச்சரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எட்டு மாசமா ஒருத்தர்கூட இதைச் சொல்லலம்மா" என்றார்கள். கண் கலங்கியிருந்தது. பிறகு இனியாவைக் கூப்பிட்டு, சாவியை அவள் கையிலேயே கொடுத்தார்கள். நான் உண்மையாகவே பதிகம் பாடினேன். டீச்சரம்மாவும் கூடவே பாடினார்கள். என்னைவிட நல்ல குரல்.

கொளஞ்சிநாதன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னலுக்கு வரும் கிளையைப் பற்றியே நாலு நாள் பேசினார்.

இந்த வைகாசியில் அம்புஜவல்லி மகளோடு சில மாதம் இருந்துவிட்டு வரக் கிளம்பினாள். ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிடப் போனேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டுச் சொன்னாள்.

"நீயும் ஒரு தபா வா. வாச்மேன்கிட்ட அம்புஜவல்லி வூடு எதுன்னு கேக்காத, அவருக்குத் தெரியாது. இனியா வூடுன்னு கேளு!"