மண்முனைத் துறையில் எழுதிய சமன்பாடுகள்

நேற்று மகளின் இரசாயனவியல் கொப்பியைப் புரட்டினேன். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீராகும் சமன்பாடு. ஒட்சிசன் கணக்குச் சரிவரவில்லை என்று H₂O-வை H₂O₂ ஆக்கி, பக்கத்தில் தானே ஒரு ‘சரி’யும் போட்டிருந்தாள். சிரித்துவிட்டேன். பிழை விடுவதிலும் என் பிள்ளைதான்.

உயர்தரம் படித்தபோது நானும் இதைத்தான் செய்தேன். அதுவும் ஒன்றில் அல்ல, மாதச் சோதனையில் வந்த பத்துச் சமன்பாடுகளிலும். இரண்டு பக்கமும் அணுக்களை எண்ணினால் அச்சொட்டாக இருக்கும். முழுப் புள்ளியும் எனக்குத்தான் என்று ஆரையம்பதி ரியூசன் வகுப்பில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். கிடைத்தது முட்டை. அடுத்த மாதச் சோதனையிலும் இப்படியென்றால் கொமர்ஸுக்கு மாறிவிடு என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கோ விஞ்ஞானத்தை விட மனமில்லை.

கூடப் படித்த ராணிக்கும் என்னைப்போல ஊர் வாவிக்கு அக்கரையில், படுவான்கரை. வீடு திரும்ப, மண்முனையில் வாவியைக் கடக்க வேண்டும். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் இரும்பு மிதவையை நாங்கள் பாதை என்போம். டீசல், இறால் கூடை, விற்கச் சாறன் கட்டோடு வரும் காத்தான்குடி நானாவின் அத்தர், எல்லாம் கலந்த ஒரு மணம் அந்தத் துறைக்கு. இன்றைக்கும் டீசல் மணந்தால் எனக்கு ஒட்சிசன் ஞாபகம்தான் வரும், சிரிக்காதீர்கள்.

அங்கேதான் ராணி என் விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள்.

“இஞ்ச பாரு கா, குடிக்கத் தண்ணி கேட்டா நீ H₂O₂ எண்டு புண்ணுக்குப் போடுற மருந்தக் குடுத்திரிக்காய். கீழ இரிக்கிற சின்ன இலக்கத்தத் தொடாத. முன்னுக்குத்தான் இலக்கம் போடணும்.”

கச்சான் கடலை சுற்றிய கடதாசியை விரித்து, எதேன் எரியும் சமன்பாட்டைத் தந்தாள். காபனையும் ஐதரசனையும் முதலில் முடித்துவிட்டு ஒட்சிசனைக் கடைசிக்கு வைப்பது அவள் வழக்கம். நானும் அப்படிச் செய்ததில் ஒட்சிசன் மூன்றரை வந்தது. பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

“அரை வருதே கா?”

“வரட்டும். எல்லாத்தையும் ரெண்டால பெருக்கு.”

இரண்டு எதேன், ஏழு ஒட்சிசன், நான்கு காபனீரொட்சைட்டு, ஆறு நீர். என்ன மூளை அவளுக்கு! வகுப்பில் ஒரு மாதமாக விளங்காதது கச்சான் தின்று முடிப்பதற்குள் விளங்கியது.

அதற்குள் பாதை வந்துவிட்டது. ராணி எழும்பவில்லை. “நாம அடுத்ததுல போவம். இன்னும் ரெண்டு கணக்குச் செய்” என்றாள். சோதனை வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு முடிந்து இப்படி இரண்டு மூன்று பாதைகளைப் போகவிட்டோம். சோதனையில் எனக்குப் பத்துக்கு ஒன்பது. அப்பா அதன்பிறகு கொமர்ஸ் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

போன வருஷம் களுதாவளைக் கோயிலில் ராணியின் தங்கச்சியைக் கண்டேன். அந்த நாட்களைப் பற்றிக் கதைத்தபோது சொன்னாள்: “சனிக்கிழமையில பிந்தி வந்தா அக்காக்கு அம்மாட்ட அடிதான். ஏன் பிந்தினாய் எண்டு எத்தின தரம் கேட்டும் உங்கட பேரச் சொல்லல்ல.”

எனக்கு அது அன்றுவரை தெரியாது.

இப்போது மண்முனையில் பாலம். கண்மூடித் திறப்பதற்குள் வாவியைக் கடந்துவிடுகிறோம், நல்லதுதான். ஒருத்தி படிக்கட்டும் என்று இன்னொருத்தி போகவிட்ட அந்தப் பாதைகள்தான் இல்லை.