வெரிபீயில் இலை குடையும் புழு

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். என் ஊகத்தை நம்பி எவரேனும் தம் தோட்டத்து மரத்தை வெட்டிவிடக்கூடும் என்ற அச்சமே காரணம்.

"மாஸ்டர், என்ர அப்பிள் மரத்துக்கு ஏதோ வந்திட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோ" என்று வெரிபீயிலிருந்து நண்பர் நடேசன் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியன். காலை ஆறு மணிக்குப் பென்டில் ஹில்லில் ரயிலேறி, சிட்னி மத்திய நிலையத்தில் மெல்பேர்ண் வண்டிக்கு மாறினேன். ஏறத்தாழப் பதினொரு மணி நேரப் பயணம். பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது. அதன்மேல் என் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணி. மெல்பேர்ணிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவில் உள்ளது வெரிபீ. நடேசன் தனியே வாழும் வீட்டின் பின்புறத்தில் ஒரே ஓர் ஆப்பிள் மரம். பாதிக் கிளைகளில் இலையில்லை. எஞ்சிய இலைகள் சிலவற்றில் வெளிறிய கொப்புளங்கள். ஓர் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தேன். மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே மஞ்சள் நிறப் புழுவொன்று குடைந்துகொண்டிருந்தது. இத்தகைய புழு வளர்ந்தால் நெல்மணியிலும் சிறிய அந்துப்பூச்சியாகும். தாக்குதல் மிகுந்தால் இலைகள் முன்னதாகவே உதிரும், காய்கள் சிறுக்கும்.

"அரை மரம் மொட்டையா நிக்குது. எல்லாம் இது திண்டதோ?" என்றேன்.

"இல்லை மாஸ்டர். புள்ளி கண்ட இலையெல்லாத்தையும் நான்தான் ஒவ்வொரு நாளும் விடியக்காலமை ஆய்ஞ்சு போடுறன். எனக்கு வேற என்ன வேலை?"

புழு அழித்ததிலும் அவர் ஆய்ந்ததே மிகுதி என்றேன்.

"அப்ப பெரிய புழு நான்தான் எண்டு சொல்லுறியள்" என்று சிரித்தார்.

மரத்தில் ஏழு காய்கள் இருந்தன, அதன் முதற்காய்ப்பு. மரம் காய்த்ததும் வருவதாகப் பேர்த் நகரிலுள்ள அவர் மகள் சொல்லியிருந்தாராம்.

"அவளைவிட இந்தப் புழு ஒழுங்கா வீட்டுக்கு வருது, மாஸ்டர்."

இத்தகைய புழுவைக் கண்டால் வேளாண் துறைக்குப் படம் அனுப்பி அறிவிக்க வேண்டும் என்றேன்.

"அவை மரத்தை வெட்டச் சொன்னா?"

"தெரியாது, நடேசன்."

"பயமில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோவன்."

இலையை அவர் கையில் கொடுத்தேன். அவர் தாமே படமெடுத்து அனுப்பினார். பின்னர் சமையலறைக் கதிரையைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார்.

பூச்சி பரவக்கூடும் என்பதால் அந்த இலையைச் சிட்னிக்கு எடுத்துவருவது முறையன்று, அங்கேயே விட்டுவந்தேன். திரும்பும் வண்டியிலும் பக்கத்து இருக்கை காலி.

துறையின் பதில் இன்னும் வரவில்லை. அது எவ்வகைப் பூச்சி என்பது தெரியவில்லை. ஏழு காய்களும் இருப்பதாக நடேசன் நேற்றுச் சொன்னார். மரம் காய்த்ததை மகளிடம் சொல்லிவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. ஆகவே அதுவும் தெரியாது.