கடலுக்குள் போன பந்து

அன்று அந்தத் தீவின் கடற்கரையில் அக்கா இருந்தார். அக்காவின் மகள் இருந்தாள். நான் இருந்தேன். அக்காவின் கணவர், என் அத்தான், சக்கர நாற்காலியில் இருந்தார். பிறகு ஒரு டெனிஸ் பந்து. அந்தப் பந்து இப்போது லண்டன் பிளேஸ்டோவில், அக்கா வீட்டு ஹோலில், மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்த அடுத்த வருடம் மகள்தான் எங்களைச் சுற்றுலாக் கப்பலில் கரிபியன் பக்கம் கூட்டிப் போனாள். அத்தான் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். பகல் பெற்றோல் ஷெட், இரவு பேக்கரி ஷிப்ட் என்று ஓடியவர். இடது கால் இழுத்த பிறகு நாற்காலியை விட்டு எழும்ப மறுத்தார். நடக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "எனக்கு முடிஞ்சுது" என்பார் அவர். அதைக் கேட்டால் அக்கா எழும்பிக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவார். ஒரு மனிதன் தன்னைத் தானே அவுட் ஆக்கிக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்வது?

துறைமுகத்தில் இருந்து எங்களைக் கொண்டுவந்த டாக்சிக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் மணலில் கிரிக்கெட் விளையாடினார்கள். பலகைதான் மட்டை. பியர்ப் பெட்டிதான் விக்கெட். பயணிகளையும் கூப்பிட்டார்கள். டாக்சிக்காரர் ஒரு பக்கம், கப்பலில் வந்த நாங்கள் ஒரு பக்கம். நான் முதல் பந்திலேயே அவுட். மகள் நன்றாக அடித்தாள். பிறகு அவளும் அவுட். கடைசிப் பந்து மிச்சம். நாலு ஓட்டம் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. பந்து போடுபவர் அத்தானைக் கையால் காட்டினார்.

"அப்பாவுக்கு ஏலாது" என்றாள் மகள்.

"ஆர் சொன்னது?" என்றார் அத்தான். "மச்சான், கையைத் தா."

"விசரே உங்களுக்கு? விழுந்தா ஆர் தூக்கிறது?" அக்கா கத்தினார்.

"நீதான். அதுக்குத்தானே உன்னைக் கட்டினனான்."

மணலில் சக்கரம் ஓடாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலது கையால் மட்டும் பலகையைப் பிடித்தார். நான் விலகினேன்.

எங்கள் ஊரின் ஒடுங்கிய ஒழுங்கையில் கிரிக்கெட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. வேலிக்கு மேலால் அடித்தால் அவுட். வேலிக்கு அப்பால் சுவாமியாரின் வீட்டு வளவு. போன பந்து திரும்பி வராது. அத்தான் அங்கே பெயர் எடுத்த ஆட்டக்காரர். ஒருநாளும் பந்தைத் தூக்கி அடித்தவர் அல்ல.

பந்து வந்தது. வீசினார். அது எழும்பி, எல்லாருடைய தலைக்கும் மேலால் போய்க் கடலுக்குள் விழுந்தது.

எல்லாரும் கூவினார்கள். அத்தான் மட்டும் "சீ" என்றார். பலகையைப் போட்டுவிட்டுத் தலை குனிந்தபடி நாற்காலியை நோக்கி நடந்தார். இடது கால் மணலில் கோடு கீறியது. ஆனால் நடந்தார். தடி இல்லை. என் தோள் இல்லை. நான் பிடிக்க ஓடினேன். அக்கா கையை நீட்டி என்னை மறித்தார்.

"அப்பா, எங்க போறியள்?" மகள் கேட்டாள்.

"அவுட்டெல்லே. கடலுக்கை போயிட்டுது."

"ஐயோ அப்பா, இஞ்ச வேலி இல்லை. நாங்கள் வெண்டிட்டம்!"

அத்தான் நின்றார். திரும்பிப் பார்த்தார். டாக்சிக்காரர் சிக்ஸர் என்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு அத்தான் தன் காலைப் பார்த்தார். பிடிக்கத் தோள் தேடினார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. சிரிக்கத் தொடங்கினார். அக்கா அழுதார். பந்து போட்டவர் நீந்திப் போய் அதை எடுத்துவந்து அத்தானின் கையில் வைத்தார்.

நாற்காலி இப்போது பின்கொட்டிலில் மடிந்து கிடக்கிறது. காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்க அத்தான்தான் போகிறார். தடியோடு, மெதுவாக. ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள் கப்பல் எப்படி, தீவு எப்படி என்று கேட்பார்கள். அத்தான் எழும்பிப் போய் மாதா படத்துக்குக் கீழே இருக்கும் பந்தை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பார். ஒரு சொல்தான் சொல்வார்.

ஆறு.