பொட்டிக்குள்ள நைனா

போன ஆயுத பூஜையன்று எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தாள். ஒவ்வொரு லேப்டாப்பின் மூடியிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். என் மேசைக்கு வந்தபோது நான் என்னையறியாமல், "அடிப்பக்கம் வெச்சிடாதம்மா" என்றேன். "அடியில யாரு சார் வெப்பாங்க?" என்று சிரித்துவிட்டுப் போனாள். வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தளத்திலேயே அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம், வயதாகிவிட்டதே என்று கொஞ்சம் வருத்தமும்தான்.

சந்தன வாசனை வந்தால் எல்லோருக்கும் கோயில் நினைவு வரும். எனக்குக் கம்ப்யூட்டர் கடை நினைவு வரும். டிப்ளமோ முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்த கடை அது. திருத்தணியில், மலைப்படிக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. பக்கத்தில் மொட்டையடிக்கும் கொட்டகை. மொட்டைத் தலைகளில் பூசிய சந்தனமும், திறந்து போட்ட சி.பி.யு.வின் சூடான தூசியும் கலந்து ஒரு வாசனை வருமே, அதை அப்புறம் நான் எங்கேயும் முகர்ந்ததில்லை. கடை முதலாளியை ஊரே 'பாவா' என்று கூப்பிடும். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. என்ன கோளாறு என்றாலும் தலையைக்கூடத் தூக்காமல், "ஃபார்மட் அடிச்சிடுப்பா" என்பார். உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது அது.

அப்போது வீடுகளில் இருந்த கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் சென்னையில் யாரோ பயன்படுத்திக் கழித்துவிட்டவை. அவற்றோடு இலவச இணைப்பாகப் பிள்ளைகளுக்கான கதை சி.டி. ஒன்று வரும். பக்கம் பக்கமாகப் படம். பூவைத் தட்டினால் தும்மும், கிணற்றைத் தட்டினால் தவளை எட்டிப் பார்க்கும், ஓர் ஆங்கிலக்காரி கதையை வாசித்துக்கொண்டே போவாள். ஆனால் அது லேசில் திறக்காது. திரையை 256 நிறங்களுக்குக் குறைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். குறைத்தால் திரையில் வைத்திருக்கும் முருகன் முகம் பச்சையாகிவிடும். வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இன்னாப்பா பண்ண சாமிய?" என்பார். அப்புறம் சவுண்டு வராது. சவுண்டு வந்தால் மௌஸ் நகராது. இந்தச் சனியன்களோடு மல்லுக்கட்டிப் பழகியதில் எனக்குக் 'கதை டாக்டர்' என்று ஒரு பட்டம் வேறு கிடைத்திருந்தது. பாவா கிண்டலாக வைத்த பெயர்தான். நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

அப்படித்தான் பள்ளிப்பட்டிலிருந்து சரளா அக்கா கடைக்கு வந்தார். அவர் கணவர் லோகநாதன் தறி வேலையை விட்டுவிட்டு மஸ்கட்டுக்குப் போயிருந்தார். ஒரே பெண், யமுனா. அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள்.

"கதை பொட்டி பேசமாட்டேங்குது தம்பி. நாளைக்கு அமாவாசை, நாளைக்கே வந்துடுங்க. தறி ஓட்ற நாள்ல வந்தா ஒண்ணும் காதுல உழாது."

அமாவாசையன்று அந்தத் தெருவில் தறி ஓடாது. மற்ற நாட்களில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். நான் போய் இறங்கியபோது தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது. சி.டி.யை வெளியே எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய அடிப்பக்கம் முழுக்கச் சந்தனம், காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"இன்னாக்கா இது?"

"மலைச் சந்தனம் தம்பி. கதை நடுவுல தடுக்கித் தடுக்கி நின்னுது. அதான் கரைச்சிப் பூசினேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் மலையில் சாமிக்குச் சாத்திய சந்தனத்தை நெற்றியில் இடமாட்டோம். தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். காய்ச்சலா, வயிற்றுவலியா, முதல் மருந்து அதுதான். பாவாவுக்கு ஃபார்மட் மாதிரி, ஊருக்கு அது.

"சரி, படம் போட்டிருக்கிற பக்கம் பூசியிருக்கக் கூடாதா?"

"அந்தப் பக்கம் கரடி கீது. கரடிக்கு இன்னா நோவு? நோவு கீற எடத்துலதானே பூசணும்?"

ஈரத்துணி ஒன்று கேட்டு வாங்கினேன்.

சிரித்துக்கொண்டேதான் துடைக்க ஆரம்பித்தேன். பிறகுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார், என் சிரிப்பும் நின்றது. அந்த சி.டி.யில் ஒரு வசதி உண்டு. ஆங்கிலக்காரியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் நம் குரலைப் பதிந்து வைக்கலாம். லோகநாதன் ஊருக்குப் போவதற்கு முன்பு, அமாவாசைக்காகக் காத்திருந்து, தறிச் சத்தம் இல்லாத அந்த ஒரு நாளில், கரடிக்குட்டி குடையைத் தொலைத்த கதை முழுவதையும் தன் சொந்தத் தமிழில் பேசிப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். யமுனா தினமும் சாயங்காலம் அதைக் கேட்பாள். வெள்ளிக்கிழமைகளில் எதிர்வீட்டு போனில் அப்பா கூப்பிட்டால் ரிசீவரை வாங்கவே மாட்டாளாம். "இது நைனா இல்ல. நைனா பொட்டிக்குள்ள கீறாரு" என்பாளாம்.

"தை மாசம் வராரு தம்பி. இதுவும் போயிட்ச்சின்னா புள்ள அவர மறந்துடும். வந்து நிக்கிறப்ப யாருன்னு கேட்டுட்டா அந்த மனுசன் தாங்கமாட்டாரு."

பதிந்த குரல் சி.டி.யில் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருந்தது. ஆனால் சி.டி. உள்ளே சுற்றினால்தான் கதை திறக்கும். கதையை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் குரலும் சேர்ந்து அழிந்துவிடும். பாவா என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். முதல் வேலையாகக் குரல் கோப்புகளைத் தேடிப்பிடித்து அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் ஒரு நகல் போட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றை ஓடவிட்டேன்.

"மழ வர்துடா கரடி, கொட எங்கடா வெச்ச?"

அடுக்களைப் பக்கமிருந்து யமுனா ஓடிவந்தாள். திரையைப் பார்த்தாள். குரல் மட்டும் வருகிறது, படம் இல்லை.

"கரடி வர்ல. நைனா யாருக்குச் சொல்லிகினுகீறாரு?" என்று என்னைக் கேட்டாள்.

அந்தக் கேள்வி போதுமே. நகல் இருக்கிறது, அது போதும் என்று கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. அக்காவிடம் பற்பசை கேட்டு வாங்கினேன். சி.டி.யில் கீறல் விழுந்திருந்தால் நாங்கள் செய்கிற கைவைத்தியம் அது. சந்தனத்தைக் குறை சொன்னவன் பற்பசை பூசுவதை அக்கா ஒரு மாதிரி பார்த்தார். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, கழுவி, அக்கா நீட்டிய முந்தானையில் ஒற்றி, உள்ளே தள்ளினேன். கிறுகிறுவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. முருகன் பச்சையானார். கரடி வந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டது கரடிக்கா முருகனுக்கா என்று நான் கேட்கவில்லை. யமுனா கதையை நாலைந்து முறை ஓட்டிக் கேட்டு முடிக்கும்வரை நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் லோகநாதனே ஆள் அனுப்பினார். மஸ்கட்டிலிருந்து புது ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தார், மாட்டித் தர வேண்டும் என்று. போனேன். வந்து ஒரு வாரம் ஆகியும் பெண் அவரிடம் போகவில்லை. பொம்மையை வாங்கிக்கொள்வாள், கூப்பிட்டால் கம்ப்யூட்டர் மேசையோடு ஒட்டி நின்றுகொள்வாள். மனிதர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஸ்பீக்கரை மாட்டிவிட்டுக் கதையைத் திறந்தேன். யமுனா முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். லோகநாதன் என் காதில், "தம்பி, சவுண்ட சுத்தமா கொறச்சிடுங்க" என்றார். குறைத்தேன். அவர் மேசைக்குப் பின்னால் போய், ஒயர்களுக்கு நடுவே, மானிட்டரின் முதுகுப்பக்கம் குந்திக்கொண்டார். கரடி வந்தது. அவர் சொல்ல ஆரம்பித்தார்.

யமுனா முதல் பக்கத்தைத் தட்டினாள். அடுத்ததைத் தட்டினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். படம் நின்றுவிட்டது, குரல் நிற்கவில்லை. முக்காலியிலிருந்து இறங்கி, மேசையைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் தொண்டையில் கைவைத்துப் பார்த்தாள். "ஆங், நான்தாம்மா" என்றார் அவர். எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. ஸ்குரூடிரைவரைக்கூட மறந்து வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் சென்னைக்கு வந்துவிட்டேன். பாவாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். சி.டி. போடும் திறப்பு உள்ள கம்ப்யூட்டரைப் பார்த்தே வெகுகாலம் ஆகிறது. ஒரு பெட்டி வாயைத் திறக்கக் காத்திருந்து, ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நிமிஷம் இனி எந்த வீட்டிலும் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்கிறது. வெட்கப்படாமல் சொல்கிறேன், ஏங்குகிறேன்.

சென்ற மாதம் கிருத்திகைக்கு மலைக்குப் போனபோது லோகநாதனைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர்தான் அடையாளம் கண்டு கூப்பிட்டார். யமுனா கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாளாம்.

"போன வாரம் போன் பண்ணிச்சி. நைனா, அந்தக் கரடிக் கதைய ஒரு தபா சொல்லி அனுப்புன்னுச்சி. ராத்திரி தூக்கம் வர்லியாம் அதுக்கு. நானும் செல்லுல பேசி அனுப்பிச்சேன். இது இல்ல நைனான்னுது. மறுபடி அனுப்பிச்சேன். இதுவும் இல்லன்னுது."

"டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சிருந்தேனே?"

"பொட்டிய எக்ஸ்சேஞ்சுல குட்த்துட்டோம் தம்பி. நான்தான் வந்துட்டேனே, இனிமே அது எதுக்குன்னு."

படியோரமாக நின்றுகொண்டிருந்தோம். கூட்டம் எங்களை உரசிக்கொண்டு மேலே போனது. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க அப்ப அதக் காதால கேட்டீங்களே தம்பி, எப்டி இருந்திச்சி என் கொரலு?" என்றார்.

கதை முழுக்க எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் என்ன சொன்னார் என்று வரி பிசகாமல் சொல்லிவிடுவேன். ஆனால் மனதுக்குள் அதை ஓட்டிப் பார்த்தபோது என் குரல்தான் கேட்டது.

"நல்லா இருந்திச்சிங்க" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.