பெயர் வெட்டிய தூக்கு

தங்கையின் கல்யாணத்துக்கு உழைத்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு, பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டது. தொடங்கியவள் தங்கைதான். நகை, புடவை, சாப்பாடு எல்லாம் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். இந்த ஒன்றை மட்டும் தன்னிடம் விட்டுவிடும்படி கேட்டாள்.

1991 ஆவணியில் கல்யாணம். அந்த ஆண்டு மே மாதம் எங்கள் ஊரான ஸ்ரீபெரும்புதூரின் பெயர் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கத்தில் வந்திருந்தது. சென்னையில் நான் பிழை திருத்துபவனாக வேலை பார்த்த நாளிதழிலும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அரக்கோணத்துப் பக்கம். "அந்த ஊர்லயா கல்யாணம்?" என்று தயங்கினார்கள். நாலு பேர் கூடினால் போலீஸ்காரர் வந்து விசாரித்த காலம் அது. மண்டபம் வேண்டாம், வாசலில் பந்தல் போட்டு முடித்துவிடலாம் என்றார் அப்பா. மண்டபம் இல்லையென்றால் தண்ணீருக்கும் பாத்திரத்துக்கும் ஆட்கள் தங்குவதற்கும் தெருவைத்தான் நம்ப வேண்டும். தெரு கை கொடுத்தது.

அடுத்த வீட்டு அக்கா தன் வீட்டையே மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு சமையலறையில் படுத்துக்கொண்டாள். அவள் கணவர் நெடுஞ்சாலை ஓரத்துக் கம்பெனி ஒன்றில் ஸ்கூட்டர் பாகங்களுக்குப் பளபளப்பு ஏற்றும் பிரிவில் இருந்தார். பஃபிங் என்று அந்த வேலையைச் சொல்வார். ஷிப்ட் முடிந்து வந்து பந்தலுக்குக் கம்பு நட்டார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உக்கிராண அறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அரிசியும் எண்ணெயும் அவர் கண்ணைத் தாண்டிப் போகவில்லை. மண்ணூரிலிருந்து எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அம்மாள், கல்யாணப் பூவைத் தானே கட்டித் தருவதாகவும் கூலி வாங்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். இப்படி ஏழு வீடு.

ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் போதும் என்பது அம்மாவின் எண்ணம்.

"துண்டு குடுத்தா ரெண்டு மாசத்துல தரை தொடைப்பாங்கம்மா," என்றாள் தங்கை.

"அப்போ ரவிக்கைத் துணி குடு."

"வாத்தியாருக்குமா?"

அப்பாகூடச் சிரித்துவிட்டார். தட்டு வேண்டாம், எல்லோரிடமும் இருக்கிறது. சுவர்க் கடிகாரம் கட்டுப்படியாகாது. பிளாஸ்டிக் பக்கெட் கொடுப்பது கொடுக்காமலிருப்பதைவிட மோசம். ஒரு வாரம் இப்படிப் போனது. கடைசியில் அவள் சொன்னது தூக்கு. மூடியும் கைப்பிடியும் உள்ள சின்ன எவர்சில்வர் தூக்கு. வேலைக்குப் போகிறவருக்குச் சோறு கட்டலாம், கடைக்குப் போனால் எண்ணெய் வாங்கலாம், பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பலாம். "எது குடுத்தாலும் டெய்லி கைல எடுக்கற மாதிரி இருக்கணும்," என்றாள்.

பூந்தமல்லியில் ஒரு பாத்திரக் கடைக்கு அம்மா, தங்கை, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். கனமான தூக்கின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைக்காரர் அடுத்த ரகத்தை எடுத்து வைத்தார். தங்கை விரலால் தட்டிப் பார்த்தாள். டங் என்று வர வேண்டிய சத்தம் டக் என்று வந்தது.

"இன்னாண்ணா, பப்படம் மாதிரி கீது?"

"உன் பட்ஜெட்டுக்கு இதான்மா. பேர் ஃப்ரீயா வெட்டிக் குடுக்கறேன், போதுமா?"

பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணப் பாத்திரம் என்றால் மணமக்கள் பெயரும் தேதியும். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று அந்தப் பாத்திரம் இருக்கும்வரை தெரியும். கடை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தவர் தூக்குக்குள் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, சிறு உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாக வெட்டத் தொடங்கினார். இரண்டு எழுத்து வெட்டியதும் நிறுத்தினார்.

"தகடு ரொம்ப லேசும்மா. வெட்டினா உள்பக்கம் புடைக்கும்."

"புடைச்சா புடைக்கட்டும்ணா. உள்ள இருக்கற சாம்பார் இன்னா படிக்கவா போவுது?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தங்கை அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஏழு தூக்கும் முடியும்வரை பார்த்தாள். ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டினாள். நான் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

கிளம்பும்போது, "நம்ம வூட்டுக்கும் ஒண்ணு எடுத்துக்கலாம்மா," என்றாள்.

"நம்ம வூட்ல தூக்குக்கா பஞ்சம்? நடடி," என்றாள் அம்மா.

கல்யாணத்துக்கு மறுநாள், புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் முன், தங்கையே வெற்றிலை பாக்கோடும் நாலு லட்டோடும் தூக்குகளைக் கொடுத்தாள். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பெயரை வாய்விட்டுப் படித்தார். பூக்கார அம்மாள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அடுத்த வீட்டு அக்கா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னாடி, தூக்கு குடுத்து என்னையும் கம்பெனி வேலைக்கு அனுப்பப் பாக்கறியா?"

"நீ போவாத. அண்ணனுக்கு ஒழுங்கா சோறு கட்டு."

"வாய் கீது பாரு. மாமியாகாரிகிட்ட இந்த வாய் வச்சிக்காத."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கார் வந்துவிட்டது.

ஒரு வருஷம் முடிவதற்குள் தங்கை இறந்துபோனாள். மஞ்சள் காமாலை. காய்ச்சல் என்று முதலில் தகவல் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. எரித்ததும் அந்த ஊரில்தான். அவளுடைய புடவைகள், பெட்டி, சீர்ப் பாத்திரங்கள், கல்யாண ஆல்பம் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. கேட்டால் கொடுத்திருப்பார்கள். அப்பா கேட்கவில்லை. அப்பா ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார். ஸ்டூடியோவில் எடுத்தது. அம்மா அதன் பக்கம் அதிகம் பார்க்கமாட்டாள். "இது யாரோ மாதிரி கீறா," என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து, காலையில் எனக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று சொன்னாள்:

"அந்த தூக்குல ஒண்ணு வச்சிருக்கலாம்டா."

நான் பூந்தமல்லிக்குப் போய் அதேபோல ஒன்று வாங்கிப் பெயர் வெட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னேன்.

"அவ பக்கத்துல உக்காந்து பாக்காம வெட்டினது எனக்கு எதுக்கு?"

கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதுவும் கல்யாணத்தில் வெற்றிலை பாக்கோடு கொடுத்தது. கேட்டால் கொடுத்தவளுக்கும் கேவலம், வாங்கியவளுக்கும் கேவலம். ஆகவே அம்மா கேட்கப் போவதில்லை. ஆனால் பார்க்கலாம் அல்லவா? ஏழு வீட்டில் மகள் பெயர் இருக்கிறது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வரலாம். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

முதலில் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அலமாரியில் தூக்கு இருந்தது. பெயர் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று நினைத்தோம். வாத்தியாரின் மனைவி கண்ணாடி டம்ளரில் மோர் கொடுத்தார். தங்கையைப் பற்றிப் பேச்சே வராமல் மழை, விலைவாசி என்று பார்த்துக்கொண்டார். அம்மாவால் அலமாரிவரை போக முடியவில்லை.

பிறகு ஒரு நாள் மண்ணூருக்கு. பூக்கார அம்மாளின் வீட்டில் தூக்கு ஆணியில் தொங்கியது. அவள் பாய் எடுக்க உள்ளே போனபோது அம்மா எழுந்து போய் அதைத் திருப்பினாள். பெயர் இல்லை. இன்னொரு பக்கம் திருப்பினாள். அங்கேயும் இல்லை. தூக்கு கடையில் இருந்ததைவிடப் பளபளவென்று இருந்தது. அம்மாவின் முகம்தான் அதில் தெரிந்தது. பாயோடு வந்த பூக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"வேற தூக்கு போல," என்றாள் அம்மா பஸ்ஸில். அதே கைப்பிடி, அதே மூடி.

மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போனபோது அக்காவின் கணவர் வீட்டில் இருந்தார். அக்கா தின்பண்டத் தட்டை வைத்துவிட்டுத் தூக்கை எடுத்து மறைப்பதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். அதுவும் கண்ணாடிபோல இருந்தது.

அவர்தான் சொன்னார். "யக்கா, தப்பா நெனச்சிக்காத. எந்த வூட்டுக்குப் போனாலும் பாப்பா பேரு உன் கண்ணுல பட்டுகினே இருக்கும், அடுப்பங்கரைல நின்னு அழுவன்னு இவதான் சொன்னா. நெசம்தானேன்னு, எல்லா வூட்லயும் வாங்கி, பையில போட்டு எடுத்துக்கினு போயி கம்பெனில பஃபிங் போட்டு எடுத்தாந்தேன். சூப்பர்வைசர் பாக்காத நேரமாப் பாத்து போட்டது. ஏழும் போட்டாச்சு. இனிமே நீ எங்க வேணா போலாம், வரலாம்."

பக்கத்தில் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திருட்டுத்தனமாகக் கம்பெனி இயந்திரத்தில் ஏழு பாத்திரத்தைத் தேய்த்துக் கொண்டுவருவது சின்ன விஷயமல்ல. மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும். அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதி இருந்தது.

அம்மா, "நல்லது செஞ்சப்பா," என்றாள். "நீங்கள்லாம் இல்லன்னா நான் எங்க போவேன்."

வீட்டுக்கு வந்து படுத்தவள் அன்று சமைக்கவில்லை.

ஆடி மாதம் என்று நினைவு. அக்கா கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பை அந்தத் தூக்கில் கொடுத்தனுப்பினாள். அம்மா குழம்பை மாற்றிவிட்டுக் குழாயடியில் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கும் சத்தம் நின்றது. வெகு நேரம் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க வாடா," என்றாள்.

என் விரலைப் பிடித்துத் தூக்குக்குள் வைத்தாள். உள்சுவரில் மணல் ஒட்டியதுபோலச் சொரசொரவென்று ஒரு வரி. லேசான தகடு; பஃபிங் வெளிப்பக்கத்தை வழித்துவிட்டது, உள்ளே புடைத்ததைத் தொடவில்லை. அச்சுக் கோப்பவர்கள் திரும்பியிருக்கும் எழுத்தைச் சரளமாகப் படிப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் இதைப் படிக்க முடிந்தது.

தூக்கில் சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பினாள் அம்மா. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகக் கொடுக்கக்கூடாது என்பதை எந்த வீட்டிலும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்கு எது கொடுத்தாலும் தூக்கைக் கேட்டு வாங்கி அதில்தான் கொடுப்பாள். அக்காவும் காலியாக வைத்திருக்கமாட்டாள். ரசமோ கீரையோ அதில் வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அது ஓயாமல் போய்வந்தது. கழுவும் வேலையை அம்மா யாரிடமும் விடவில்லை. காரணத்தை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷர் செய்தது என்னவாகும்? உள்பக்கத்தையும் தேய்த்துக் கொடுக்கிறேன் என்றும் சொல்வார்கள்.

சில வருஷங்கள் கழித்து இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பெரிய கம்பெனிகளுக்கு நிலம் அளந்துகொண்டிருந்தபோது, அக்கா கணவருடைய கம்பெனி இடத்தைக் காலி செய்து ஓசூருக்குப் போனது. அவர்களும் போனார்கள். சாமான்களை லாரியில் ஏற்றும்போது அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"யக்கா, இன்னா வோணுமோ எடுத்துக்க. அம்மிக்கல்லு கீது, மர ஸ்டூலு கீது. அங்க சின்ன வூடு, எல்லாம் வைக்க முடியாது. வாய தொறந்து கேளு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு எதுக்குடி. வழிக்குப் புளிசாதம் கிளறி வச்சிருக்கேன். உன் தூக்க குடு, போட்டுத் தரேன்."

அக்கா போய், கட்டிய மூட்டையொன்றை அவிழ்த்து, அதை எடுத்துவந்து கொடுத்தாள். அம்மா அதை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தூக்குதான். லாரியில் கயிறு கட்டி முடித்துவிட்டார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

அக்கா வாசலிலிருந்தே கத்தினாள்: "ஏக்கா, ஒரு தூக்கு கழுவ இம்மாம் நேரமா? லாரிக்காரன் திட்டிகினு கீறான்."

"இருடி," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இதோ, ஆச்சு."